மிஸ்டர் லோரிமரின் தலைகீழ்க் கோட்பாடு

எங்கள் பட்மின்ரன் கழகம் ரொறன்ரோவின் அஜின்கோர்டில் ஒரு தளபாடக் கடைக்கும் ஒரு பல்வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. இந்த வருடம் அங்கே பயிற்சியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றது அதற்கும் வெகுகாலம் முந்தி. ஆக, இரண்டு முறை ஓய்வு பெற்றும் ஒருமுறைகூட எவரும் எனக்குச் சால்வை போர்த்தவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கழகத்தில் என்னோடு வேலை செய்த சுதன் என்ற இளம் பயிற்சியாளருக்கு இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

“அன்ரி, நீங்க ஸ்கொட்லாந்துக்கு விளையாடினதைப் பற்றி எழுதித் தாங்கோ. இன்ரர்நெற்றில தேடினா ஒரு ஃபோட்டோதான் வருது. அதிலயும் நீங்க பாதி ஆள்தான் தெரியிறீங்கள்” என்றான்.

உண்மைதான். அந்தப் படத்தில் முழுதாகத் தெரிபவள் என்னோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஆடிய மோராக். என்னில் ஒரு தோளும் ஒரு காதும் தெரியும். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் மத்தியில் என் புகழும் அந்த அளவில்தான் இருந்துவருகிறது. ஒரு கோடைகால ஒன்றுகூடலில் அறிவிப்பாளர் என்னை ‘இங்கிலாந்தின் முன்னாள் சம்பியன்’ என்று ஒலிபெருக்கியில் அழைத்தார். நல்லவேளையாக அந்தப் பூங்காவில் ஸ்கொட்லாந்துக்காரர் எவரும் இருக்கவில்லை. மேடைக்குப் போனதும் என் கையில் ஒரு விசிலைத் தந்து, தேசிக்காயும் கரண்டியும் ஓட்டத்தைத் தொடக்கிவைக்கச் சொன்னார்கள். தொடக்கிவைத்தேன்.

ஆடிய காலத்தில் என் பெயர் மெற்றில்டா அருளானந்தம். அப்பா ஊர்காவற்றுறைக்காரர், கப்பல் எஞ்சினியர். வட கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பலொன்றில் அவருக்கு வேலை கிடைத்ததால் நாங்கள் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகருக்குக் குடிபோனோம். அங்கே குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விடும்போதே இருட்டிவிடும். பிள்ளைகள் போவதற்கு இருந்த ஒரே வெளிச்சமான இடம் தேவாலய மண்டபம். அதன் நடுவில் ஒரு வலை கட்டியிருக்கும். மண்டபத்தின் கூரை தாழ்வானது, குறுக்கே தடித்த மர உத்தரங்கள் ஓடும். ஷட்டில் உத்தரத்தில் பட்டால் அடித்தவருக்குப் புள்ளி போய்விடும். அதனால் நான் உயர்த்தி அடிக்கவே பழகாமல் வளர்ந்தேன். எல்லாவற்றையும் வலைக்குச் சற்று மேலாக, தட்டையாக, வேகமாகத் திருப்பி அனுப்புவேன். பிற்காலத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் இதை என்னுடைய தனித்த பாணி என்று எழுதினார். அது கட்டடக் கலைஞரின் பாணி.

தனியாக ஆடுபவருக்கு இந்தக் குறை பெரும் குறை. இரட்டையர் ஆட்டத்தில், வலையோரம் நிற்பவருக்கு, இது வரப்பிரசாதம். நான் குட்டை. கையும் கண்ணும் வேகம். பதினேழு வயதில் மாவட்ட அணி, கொஞ்சம் பொறுத்துத் தேசிய அணி. இடையில் இருந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடிய எழும்பினேன், ஓடினேன், முழங்காலுக்கு ஐஸ் வைத்தேன்.

வீட்டில் இதை விளக்குவதுதான் கடினமான பயிற்சியாக இருந்தது. ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் தொலைபேசியில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால் அம்மா, “அவ விளையாடுறா” என்பா. அதைக் கேட்கவில்லை, என்ன படிக்கிறா என்று கேட்பார்கள். அப்பா மட்டும் இதை ஒரு தொழிலாக எடுத்து ஆராய்ந்தார்.

“பிள்ளை, உது எத்தினை வயது மட்டும் செய்யலாம்?”

“முப்பது மட்டும், அப்பா.”

“பிறகு?”

“பிறகு ஓய்வுதான்.”

அப்பா யோசித்தார். “முப்பதில ஓய்வு தாற உத்தியோகம் அரசாங்கத்திலயும் இல்லை” என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு என்னை விட்டுவிட்டார்.

தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் மிஸ்டர் லோரிமர். நெட்டையான, மெலிந்த மனிதர். களத்தின் மூலையில் மீன்பிடிகாரர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. எங்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார், குடும்பப் பெயர்தான். மற்ற எல்லோரும் என் குடும்பப் பெயரைப் பாதியில் கைவிட்டபோது அவர் ஒருவர்தான் ‘மிஸ் அருளானந்தம்’ என்று முழுதாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். வேறு யாராவது அதை வெட்டிச் சுருக்கினால், முழுதாகச் சொல்லும்வரை காத்திருப்பார். நீதிமன்றத்தில் நிற்பது போன்ற உணர்வு வரும்.

பயிற்சி முடிந்ததும் ஒரு சடங்கு நடக்கும். அவர் ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்குவார். நாங்கள் வரிசையாக நிற்போம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “இன்றைக்குத் தேவையில்லாமல் அடித்த அடி எது?” ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். நினைவு வரும்வரை எங்களையும் போகவிடமாட்டார். சரியான பதில் சொன்னால் ஒரு சுளை கிடைக்கும். அணியில் ஒருத்தி எந்நேரமும் ஏதாவதொரு அடியைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சுளை வாங்குவாள். அவளை அடுத்த தெரிவில் சேர்க்காமல் விட்டுவிட்டார். இல்லாத பிழையைச் சொல்பவள் இருக்கும் பிழையை ஒளிப்பாள் என்பது அவர் சொன்ன காரணம்.

மோராக்கை என்னோடு சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவள் என்னைவிட ஒரு தலை உயரம். ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. பேச்சு மிகக் குறைவு. பின்னாலிருந்து துள்ளி எழுந்து அவள் ஸ்மாஷ் அடித்தால் எதிரே நிற்பவர்கள் முதலில் முகத்தைத்தான் காப்பாற்றுவார்கள். இரட்டையர் ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். தாக்கி ஆடும்போது ஒருவர் பின்னால் நிற்பார், ஒருவர் வலையோரம் நிற்பார். பின்னால் நிற்பவர் பலமாக அடிப்பார். அது தடுமாறித் திரும்பி வந்தால் முன்னால் நிற்பவர் வெட்டி முடிப்பார். எங்களில் மோராக் பின்னால், நான் முன்னால். எங்களோடு ஆட வருகிற எல்லோருக்கும் இருந்த திட்டமும் ஒன்றுதான். எப்படியாவது என்னைப் பின்னால் தள்ளவேண்டும், அவளை முன்னால் இழுக்கவேண்டும்.

எங்களுக்குள் பேச ஒரு மொழியும் வைத்திருந்தோம். இருவருக்கும் நடுவில் வருகிற ஷட்டிலை யார் எடுப்பது என்று கத்தினால் எதிரிக்கும் விளங்கிவிடும். ஆகவே மோராக்குக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் சொல்லிக்கொடுத்தேன். ‘என்ர’ என்றால் நான் எடுக்கிறேன். ‘விடு’ என்றால் அது வெளியே போகிறது. அவள் வாயில் அவை ஸ்கொட்லாந்து மலைப்பக்கத்து வைதல் மாதிரி ஒலிக்கும். நடுவர் ஒருவர் கெட்ட வார்த்தை பேசாதீர்கள் என்று எங்களை எச்சரித்ததும் உண்டு.

இப்படி ஆறேழு வருடம் ஆடினோம். பிறகு பல நாடுகள் கூடும் ஒரு பெரிய விளையாட்டு விழா வந்தது. எங்கள் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். போய் இறங்கியாயிற்று. முதல் ஆட்டத்துக்கு முதல்நாள், வீரர் விடுதியில் உடுப்புத் தோய்க்கும் அறையில், இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்க, மோராக் என்னிடம் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள்.

அவளும் கணவரும் பல வருடங்களாகப் பிள்ளைக்கு ஏங்கியவர்கள். ஒருமுறை கரு தங்கி, நிலைக்காமல் போனது. அது எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அந்தக் கிழமையும் அவள் பயிற்சிக்கு வந்தாள். இந்த முறை ஊரிலிருக்கும் தன் குடும்ப வைத்தியரோடு பேசியிருந்தாள். உடம்பு சுகமாக இருந்தால் ஆடலாம், துள்ளுவதையும் விழுவதையும் தவிர்க்கவேண்டும், மென்மையாக ஆடவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் பெண்கள் இரட்டையர் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது தெரிந்தது.

அணி வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பது எங்கள் பட்மின்ரன் சங்கத்தின் விதி. அவர் தும்மல், தடிமன் வந்தாலே ஆளைக் கட்டிலில் போடுகிறவர். சொன்னால் மோராக் அடுத்த விமானத்தில் வீடு போவாள், அவளோடு நானும் போவேன். பாதிச் சோடிக்கு அங்கே வேலையில்லை. நீதான் முடிவெடுக்கவேண்டும், நீ வீட்டுக்குப் போவோம் என்றால் நான் இப்பவே பெட்டி அடுக்குகிறேன் என்று சொன்னேன். அவள் உலர்ந்த துவாய்களை ஒவ்வொன்றாக மடித்து முடித்தாள்.

“எனக்கு இரண்டும் வேணும்” என்றாள்.

அங்கேயே, துவாய்களை நிலத்தில் விரித்து ஆடுகளமாக்கி, யார் எங்கே நிற்பது என்று பார்த்தோம். வழி ஒன்றுதான் இருந்தது. அவள் வலையோரம் நிற்பாள், துள்ளத் தேவையில்லை. நான் பின்னால் ஓடுவேன். நடுவில் வருவதெல்லாம் எனக்கு. இருவரும் ஒரு ஷட்டிலுக்குப் பாய்ந்து மோதுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தேகம் வந்தால் அவள் விடவேண்டும், புள்ளி போனாலும் போகட்டும். எங்கள் மொழியில் மூன்றாவதாக ஒரு சொல்லையும் சேர்த்தேன்: ‘வயிறு’. அடி உடம்புக்கு வருகிறது, திரும்பு என்று அர்த்தம்.

முதல் ஆட்டத்தில் எங்களைத் தலைகீழாகக் கண்டதும் மிஸ்டர் லோரிமர் கதிரையிலிருந்து பாதி எழுந்ததைக் கண்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டார். எதிரணிக்கு வந்த குழப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பின்னால் தள்ளவேண்டும் என்று அவர்கள் மாதக்கணக்கில் பழகிவந்திருந்தார்கள். அதை நாங்களே செய்துகொடுத்துவிட்டதால் அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பலமாக அடிக்க வராது. ஆகவே ஸ்மாஷ் அடிப்பதுபோல் கையை ஓங்கி, ஷட்டிலை வலையோரம் மெல்ல விழுத்தினேன். அவர்கள் ஓடிவந்து தூக்கிக் கொடுத்ததை மோராக் தன் நீண்ட கையால் நின்ற இடத்திலிருந்தே கீழே அமத்தினாள். வென்றோம். அன்று மாலை தோடம்பழ நேரத்தில் அவர் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. “இதை யார் தீர்மானித்தது?” என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் என்றோம். ஆளுக்கொரு சுளை தந்தார்.

காலிறுதியில் மலேசியச் சோடி. இருவரில் ஒருத்தி மெலிந்த, கருமையான பெண், ஸ்மாஷில் கெட்டிக்காரி. ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர்கள் மாறுவதால் நாங்கள் பெயர்களைக் கவனிப்பதில்லை. ஆளுக்கொரு செற் எடுத்து மூன்றாவதுக்குப் போனோம். அதற்குள் என் கால்கள் கனக்கத் தொடங்கிவிட்டன. ஓடுவது எல்லாம் நான்தானே. நான் தளர்ந்ததைக் கண்டுகொண்டவர்கள், ஷட்டிலை மோராக்கின் உடம்புக்கு அடிக்கத் தொடங்கினார்கள். அதில் பிழையில்லை. உயரமானவர்களுக்கு உடம்புக்கு வரும் அடியை எடுப்பது கஷ்டம், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஒன்று அவளுடைய இடுப்பில் பட்டது. அடுத்தது வரும்போது நான் என்னை மறந்து கத்தினேன்.

“வயிறு! வயித்தைப் பார், பிள்ளை இருக்கு!”

மோராக் திரும்பிவிட்டாள். ஷட்டில் தோளில் பட்டு விழுந்தது. புள்ளி அவர்களுக்கு. ஆனால் எதிரே நின்ற அந்தப் பெண் றாக்கெட்டை இறக்காமல் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு மோராக்கைப் பார்த்தாள். மோராக்கின் இடது கை, அவளுக்கே தெரியாமல், அடிவயிற்றில் இருந்தது. அந்தப் பெண் சேர்வ் போடும் இடத்துக்குத் திரும்பி நடந்தபோதுதான் அவள் சட்டையின் முதுகில் இருந்த பெயரை வாசித்தேன். முனியாண்டி.

அவள் தன் பயிற்சியாளரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லும் உரிமையும் அவளுக்கு இருந்தது. அவள் போகவில்லை. தன் துணையிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை, துணை முன்போலவே அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு மோராக்கின் உடம்புக்கு ஒன்றும் அடிக்கவில்லை. எல்லாம் எனக்கு, அல்லது ஓரக் கோட்டுக்கு. அதுவும் தளர்வான அடிகள் அல்ல. என்னை மூலைக்கு மூலை ஓடவைத்துச் சாகடித்தாள். கடைசிப் புள்ளிகளில் ஒன்றில் ஷட்டில் அவள் தலைக்கு மேல் நன்றாக எழும்பி வந்தது. மோராக் வலையோரம் நிலைதவறி, நெஞ்சும் வயிறும் திறந்தபடி நின்றாள். உலகத்தில் எந்த ஆட்டக்காரியும் அவளுக்குத்தான் அடித்திருப்பாள். அந்தப் பெண் என் பக்கம் அடித்தாள். நான் எப்படியோ திருப்பினேன். மோராக் அதை வெட்டி முடித்தாள். அந்த ஆட்டத்தை வென்றோம்.

வலைக்கு மேலால் கை கொடுக்கும்போது அவள் என் கையை விடாமல், மெல்ல, “உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க அக்கா” என்றாள். தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவளை நான் எங்கும் காணவில்லை.

அரையிறுதியில் தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்றோம். வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும்போது எடுத்ததுதான் அந்தத் தோளும் காதும் தெரியும் படம். பத்திரிகைக்காரர்கள் இந்தத் தலைகீழ் ஆட்டம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மிஸ்டர் லோரிமர் முன்னால் வந்து, இது நாங்கள் கொஞ்சக் காலமாக இரகசியமாகப் பயிற்சி செய்துவந்த முறை என்று சொன்னார். நானும் மோராக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பொய் சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மோராக் விலகினாள். உரிய காலத்தில் சுகமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. மிஸ்டர் லோரிமருக்கு ஒரு கோட்பாடு பிறந்தது. பல நாடுகளில் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். எனக்கு அவர் ஐலா என்ற இளம் பெண்ணைத் துணையாகத் தந்தார். நாட்டிலேயே பலமான ஸ்மாஷ் அவளுடையது. அவளை வலையோரம் நிற்கச் சொன்னார், என்னைப் பின்னால் போகச் சொன்னார். உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறையை வீட்டில் கைவிட முடியுமா? ஐலா பாவம், தலைக்கு மேலால் போகிற ஷட்டில்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் நின்று, இல்லாத பலத்தோடு அடித்தேன். போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு, மோராக்கிடம் கேட்டுக்கொண்டு, நான் மிஸ்டர் லோரிமரின் அறைக்குப் போனேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அது கோட்பாடு இல்லை, கர்ப்பம் என்று சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், “மிஸ் அருளானந்தம், நான் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்” என்றார். தன் கண்ணால் கண்டதை விட்டு என் வார்த்தையை நம்ப மாட்டார் என்று விளங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு பருவம் அப்படி ஆடினேன். பிறகு அணியில் என் பெயர் இல்லை. இருபத்தொன்பது வயதில் ஓய்வு. அடுத்த வருடம் அன்ரனைக் கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தேன். இங்கே வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் ஸ்கொட்லாந்து அணி, பதக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கனேடிய அனுபவம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். முதலில் ஸ்காபுறோவில் ஒரு சமூக நிலையத்தில் துவாய் கொடுக்கிற வேலை. பிறகு பயிற்சியாளராவதற்கு முதலாம் நிலை வகுப்பில், றாக்கெட்டை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து, மற்ற எல்லோருடனும் சேர்ந்து படித்தேன். பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் லோரிமர் முறை. ஆடுகளத்தின் வரைபடத்தில் இரண்டு வட்டங்கள் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த வட்டம் நான். அந்தப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளிகள்.

போன இலையுதிர் காலத்தில் மிஸ்டர் லோரிமர் ரொறன்ரோ வந்தார். பயிற்சியாளர்களுக்கு மார்க்கம் நகரில் இரண்டு நாள் பட்டறை. அவருக்கு இப்போது எண்பதை அண்டிய வயது. விமான நிலையத்தில் அவரைக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. என்னைக் கண்டதும் குடும்பப் பெயரை முழுதாகச் சொன்னார். கல்யாணத்தோடு அது மாறிவிட்டது என்பதை நான் சொல்லவில்லை.

முதல்நாள் அந்தக் காலிறுதியைத் திரையில் போட்டார். நாற்பது பேரளவில் இருந்தார்கள், எல்லோர் மடியிலும் ஒரு ரப்லெற் கணினி. மலேசியப் பெண் என் பக்கம் அடித்த அந்தப் புள்ளி வந்தபோது காட்சியை நிறுத்தினார். இங்கே கவனியுங்கள், முன்னால் நிற்பவரின் உடம்புக்கு அடிக்க எதிரிக்குக் கோணம் கிடைக்கவில்லை, அதுதான் இந்த அமைப்பின் பலம் என்றார். பக்கத்தில் இருந்த சுதன் குனிந்து, “அன்ரி, நல்ல கோணம் கிடக்குதே. அந்தப் பிள்ளை ஏன் அடிக்கேல்லை?” என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை அவரை அஜின்கோர்டில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். இடியப்பமும் சொதியும் எடுத்தோம். அவர் முள்ளுக்கரண்டியால் இடியப்பத்தை ஒவ்வொரு நூலாகப் பிரித்தெடுத்தார். அப்படியே பிரித்துக்கொண்டு, அந்தப் பெண் ஏன் உடம்புக்கு அடிப்பதை நிறுத்தினாள் என்பது மட்டும் தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். “அப்படியென்றால் மற்றது விளங்கியதா?”

“நான் நான்கு பிள்ளைகளின் தகப்பன், மிஸ் அருளானந்தம். முதல் ஆட்டத்திலேயே விளங்கிவிட்டது.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். உண்மை வெளியே வந்திருந்தால், தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு அவருடைய வேலை போயிருக்கும். மறைத்ததற்காக ஒழுங்காற்றுக் குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கும், பதக்கத்தைப் பற்றியும் கதை வந்திருக்கும். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவருக்கு உடனே ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒரே ஒருமுறை ஆடிவிட்டு நிறுத்தினால் அதை எவரும் கோட்பாடு என்று நம்பமாட்டார்கள். ஆகவே என்னைப் பின்னாலேயே நிற்கவைத்தார். பத்துத் தரம் மேடையில் சொன்ன பிறகு, தனக்கே அதில் நம்பிக்கை வரத் தொடங்கியது என்றும் ஒத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், இப்போது சில நாடுகளில் சோடிகள் அப்படி ஆடி உண்மையிலேயே வெல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் எங்கே இருந்ததென்று தெரியாத கோபம். இரண்டு வருடம், நான் முடிந்துபோய்விட்டேன் என்று நம்பிக்கொண்டு ஆட்டத்தை விட்டேன் என்றேன். உங்கள் அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேனே என்றேன்.

“வந்து உண்மையைச் சொன்னீர்கள்” என்றார். “பின்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.”

சொதி ஆறிப்போனது. பிறகு அந்த மலேசியப் பெண்ணைப் பற்றி நான் சொன்னேன், கத்திய சொல்லையும் அதன் அர்த்தத்தையும். அவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதற்கு என்னிடம் வரைபடம் இல்லை” என்றார்.

வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். “நீரும் லேசான ஆள் இல்லை. அந்த மனுசன்ர முறையை நீரும் இஞ்சை எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்சனீர்?” என்று கேட்டார். பாடத்திட்டத்தில் இருந்தது, படிப்பித்தேன்.

இரண்டாம் நாள் செய்முறை. களத்தில் இரண்டு இளம் பயிற்சியாளர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். இந்தப் பக்கத்துக்கு மிஸ்டர் லோரிமர் சுதனைக் கூப்பிட்டார், பிறகு என்னைக் கூப்பிட்டார். அந்தப் பதக்கத்தை வென்றவரே உங்கள் முன்னால் இருக்கிறார் என்று சபைக்குச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தன் கைத்தடியால் களத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். “மிஸ் அருளானந்தம், தயவுசெய்து பின்னால்.”

“மாட்டேன்” என்றேன்.

ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. நான் வலையோரம் போய் நின்றேன். சுதன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நீ பின்னால போ, தம்பி” என்றேன். போனான். குனிந்து நின்றபோது முழங்கால் இரண்டும் முறையிட்டன. அந்தப் பக்கத்துப் பெடியன் ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்தான். சுதன் எழும்பி அடித்தான். அது திரும்பி வலைக்குச் சற்று மேலாக, தட்டையாக வந்தது. என் கை அதை எடுத்ததை நான் பிறகுதான் அறிந்தேன். ஷட்டில் அவர்கள் காலடியில் கிடந்தது.

மிஸ்டர் லோரிமர் தடியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சபைப் பக்கம் திரும்பி, தன் கோட்பாட்டில் இதுவரை எங்கும் சொல்லாத முக்கியமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்றார். சிலரை ஒருபோதும் பின்னால் நிறுத்தக்கூடாது, அதை ஒத்துக்கொள்ள ஒரு பயிற்சியாளருக்கு நெடுங்காலம் எடுக்கலாம்.

எல்லோரும் குனிந்து அதைத் தங்கள் ரப்லெற்றில் குறித்துக்கொண்டார்கள். நான் சுதனைத் திரும்பிப் பார்த்து, அடுத்ததையும் அடிக்கச் சொன்னேன்.